அப்பா பெயரில் ஓடிய படம்

புஷ்பவல்லிக்குப் பயப்படக் காரணம் வேண்டியதில்லை. காரணம் இருந்தால் இன்னும் கொஞ்சம் நன்றாகப் பயப்படுவாள், அவ்வளவுதான். தபால்காரர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பயம். காக்கிச் சட்டை பஸ்ஸில் ஏறினால் பயம். மகள் போனை எடுக்காவிட்டால் பயம், முதல் மணியிலேயே எடுத்துவிட்டால் அதைவிடப் பயம். காட்டெருமைக்கு மட்டும் பயப்பட மாட்டாள். பாதையில் நின்றால், "கொஞ்சம் தள்ளு சாமி" என்று சொல்லிவிட்டு ஓரமாக நடந்து போய்விடுவாள். எருமை யாரையும் வேலையை விட்டு நிறுத்தாது என்பது அவள் கட்சி.

சிரிக்கத் தோன்றும். ஆனால் அவளுக்குப் பன்னிரண்டு வயதில் நடந்ததைக் கேட்டவர்கள் சிரிக்க மாட்டார்கள். பந்தலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் இலங்கையிலிருந்து வந்து இங்கே வேலைக்குப் பேர் பதிந்தவர்கள். ஒருநாள் அப்பா ஆபீஸில் வாய் கொடுத்தார். என்ன பேசினார் என்று இன்றுவரை வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் அவர் பெயரை அடித்துவிட்டார்கள். வேலைக்குப் பெயர் இல்லையென்றால் லயத்தில் வீடும் இல்லை. எட்டாம் நாள் மழையில் சாமான்களோடு ரோட்டில் நின்றார்கள். மண்ணெண்ணெய் அடுப்பைத் தூக்கிக்கொண்டு நின்றது இவள்தான். வேலையும் வீடும் ஒன்றாகவே போகும் என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டவளுக்கு, அதற்குப் பிறகு பெரிதாக வேறெதையும் கற்றுக்கொள்ளத் தேவைப்படவில்லை.

குன்னூர்ப் பக்கம் ஜெகதளாவுக்குக் கல்யாணமாகி வந்தாள். கணவன் பழனியாண்டி ஜீப் ஓட்டினான், நல்லவன், மஞ்சள்காமாலையில் போய்விட்டான். அப்போது மகள் பிரியாவுக்குப் பதின்மூன்று வயது. எங்கே போய் ஒண்டுவது என்று தவித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் கார்த்தியின் பங்களாவில் இந்த வேலை கிடைத்தது. கார்த்தி கோயமுத்தூரில் மோட்டார் பம்பு வியாபாரம் செய்பவர். ஊரைப் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவதற்காக, குன்னூர் ரோட்டுக்குக் கீழே ஒரு பழைய பங்களாவை வாங்கி மாடியில் ஒரு ரூம், கீழே இரண்டு ரூம் என்று பிரித்துப் போட்டிருந்தார். கூட்டிப் பெருக்கி, படுக்கை விரித்து, காலையில் இட்லி சுட்டுக் கொடுத்து, சாவியைப் பார்த்துக்கொள்ள வேண்டியது புஷ்பவல்லி. சம்பளத்தோடு, பின்னால் ஓர் அறை. அந்த அறைதான் அவளுடைய ரேஷன் கார்டு முகவரி. கோயமுத்தூரில் நர்சிங் படிக்கும் பிரியா லீவுக்கு வந்து இறங்கும் வீடும் அதுதான்.

கார்த்தி குரலை உயர்த்தாத மனிதர். அதனாலேயே அவரிடம் பயம் அதிகம். இவளுக்கு முன்னால் அங்கே ஆறுக்குட்டி என்று ஒருவர் இருந்தார். ரூமைக் காலி செய்துவிட்டுப் போன கெஸ்ட் பாதி பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டுப் போக, ஆறுக்குட்டி அதைக் குடித்துவிட்டார். காலையில் தெரிந்தது, மத்தியானம் அவர் பஸ் ஸ்டாண்டில் நின்றார். "விட்டுட்டுப் போனதைத்தானுங்க குடிச்சேன்" என்று அவர் சொன்னதற்கு, "விட்டுட்டுப் போனாலும் அது அவங்களுதுங்க" என்று கார்த்தி மரியாதையாகப் பதில் சொன்னாராம். புஷ்பவல்லி வேலையில் சேர்ந்த முதல் நாளே இதை அவளிடம் சொல்லிவிட்டார்கள். ஆறு வருஷமாக, கெஸ்ட் விட்டுப்போன தலைக்குத் தேய்க்கும் ஷாம்பு பாக்கெட்டைக்கூட அவள் தொட்டதில்லை.

அந்த வீட்டில் டிவிக்கு இரண்டு விதி. முதல் விதி, கெஸ்ட் கிளம்பியதும் அவர்கள் படம் பார்க்கும் ஆப்பில் போட்ட தங்கள் அக்கவுன்ட்டை டிவியில் அப்படியே விட்டுப் போயிருக்கிறார்களா என்று பார்த்து, வெளியே எடுத்துவிட வேண்டும். பாதிப்பேர் விட்டுவிட்டுத்தான் போவார்கள். வீட்டில் பீரோவைப் பூட்டி, பூட்டை நாலு தரம் இழுத்துப் பார்க்கிறவர்கள்கூட இதை மறந்துவிடுவார்கள். ரிமோட்டில் எங்கே போய் எதை அமுக்க வேண்டும் என்று கார்த்தியே சொல்லிக் கொடுத்திருந்தார்.

இரண்டாவது விதி கார்த்திகை மாதத்து மழைக்கானது. ஆள் இல்லாத ரூமில் டிவியைத் தினமும் ஒரு மணி நேரம் ஓட விட வேண்டும். ஓடுகிற சூட்டில் ஈரம் ஏறாது. போன வருஷம் அப்படி விடாததால் கீழ் ரூம் டிவி போய்ச் சேர்ந்தது. கூட்டமில்லாத மாதத்தில் சேனல்களுக்குப் பணம் கட்டுவதில்லை என்பதால் டிவியில் வெறும் திரைதான் எரியும். அதன் முன்னால் உட்கார்ந்து பெட்ஷீட் மடிப்பாள். மலையில் இருப்பவர்களுக்குத்தான் இது புரியும். மற்றவர்கள், ஆளில்லாத ரூமில் டிவி எதற்கு என்று கேட்பார்கள்.

ஈரோட்டிலிருந்து ரேணுகா என்ற அம்மா வந்து மேல் ரூமில் மூன்று நாள் தனியாகத் தங்கினார். நாற்பது வயதிருக்கும். இட்லியைக் கிள்ளிப் போட்டுவிட்டுக் கடுங்காப்பி மட்டும் குடித்தார். டிவி வெளிச்சம் தெரியும், சத்தமே கேட்காது. புருஷனோடு சண்டை போலிருக்கிறது என்று புஷ்பவல்லி முடிவு கட்டினாள். வெள்ளிக்கிழமை அவர் கிளம்பியபோது மரம் விழுந்து கரண்ட் இல்லை. அக்கவுன்ட்டை எடுக்க முடியவில்லை. அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டாள்.

திங்கட்கிழமை காலையில்தான் கரண்ட் வந்தது. பதினோரு மணிக்கு ஈரத்துக்காக மேல் ரூம் டிவியைப் போட்டாள். யார் பார்க்கப்போவது என்று கேட்டு மூன்று முகங்கள் வந்து நின்றன. ரேணுகா, குட்டி, அப்பா. அக்கவுன்ட்டை வெளியே எடுக்கத்தான் ரிமோட்டைத் தூக்கினாள். சத்தியமாக அதற்குத்தான். ஆனால் வெளியே ஐந்து நாளாக விடாத மழை, உள்ளே ஒரு மனுஷக் குரல் கிடையாது. ஒரே ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு எடுத்துவிடலாமே என்று தோன்றியது. ரேணுகா முகத்தைத் தொட்டால் தெரிந்துவிடும். குட்டியில் பொம்மைப் படம்தான் இருக்கும். அப்பா வயசான ஆள், அவருக்கு என்ன தெரியப்போகிறது என்று அப்பாவை அமுக்கினாள். ஒரு படம் பாதியிலிருந்து ஓட ஆரம்பித்தது. அது முடியும்வரை பெட்ஷீட் மடியிலேயே கிடந்தது.

மறுநாளும் பதினோரு மணி. அதற்கடுத்த நாளும். தினம் ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒரு நிமிஷம் கிடையாது. அதிலும் அவள் விதியை மீறவில்லை, பாருங்கள்! இரண்டாவது செவ்வாய்க்கிழமை மத்தியானம் மேல் ரூமுக்கு மூன்று இன்ஜினியர்கள் வருவதாக இருந்தது. அன்று காலையிலும் பார்த்தாள். அப்புறம் அக்கவுன்ட்டை எடுத்துவிட வேண்டும் என்று சரியான இடத்துக்குப் போய், விரலை பட்டன்மேல் வைத்து, அமுக்காமல் டிவியை மட்டும் அணைத்தாள். ஒரு ராத்திரிதானே தங்கப்போகிறார்கள் என்று நினைத்தாள். இதை மறதி என்று சொல்ல அவளாலும் முடியாது, என்னாலும் முடியாது.

வியாழக்கிழமை கார்த்தி போன் செய்தார்.

"புஷ்பாக்கா, மேல் ரூம் டிவிய யாராவது பாத்தாங்களா?"

"இல்லீங்களே சார். ஏனுங்க?"

"ஈரோட்டு மேடம் கூப்பிட்டாங்க. அவங்க அக்கவுன்ட்ல யாரோ பூந்து படம் பாத்திருக்காங்களாம். எந்த டிவி, எந்த ஊருன்னு அதுலயே காட்டுதாம். குன்னூர்னு போட்டிருக்குதுங்கறாங்க. ரொம்ப பதட்டமா பேசறாங்க. போலீசுக்குப் போவேன்னுகூட சொன்னாங்க. நான் பாத்துட்டுக் கூப்பிடறேன்."

புஷ்பவல்லி போனை வைத்தாள். எந்த ஊர் என்று டிவி சொல்லுமா? அப்படியானால் எந்த ஆள் என்றும் சொல்லுமோ? மாடிப்படியை எப்படி ஏறினாள் என்று தெரியவில்லை. டிவியைப் போட்டாள். முகங்களைக் காணோம். பாஸ்வேர்டு கேட்டு வெறும் கட்டம் நின்றது. ரேணுகா ஈரோட்டில் உட்கார்ந்துகொண்டே எல்லா டிவியிலிருந்தும் அக்கவுன்ட்டை வெளியேற்றி, பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டிருந்தார். அது புஷ்பவல்லிக்கு எப்படித் தெரியும்? போலீஸ் வந்து பூட்டி சீல் வைத்துவிட்டது என்றே நினைத்தாள். கைரேகை எடுப்பார்கள் என்று எப்போதோ கேட்டது ஞாபகம் வந்து, பினாயில் துணியால் ரிமோட்டைத் துடைத்தாள். ஒவ்வொரு பட்டனாகத் துடைத்தாள். பிறகு டிவிக்குக் கண் இருக்குமோ என்று சந்தேகம் வந்து, அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள். மூடியதைப் பார்த்தால் சந்தேகப்படுவார்களே என்று துண்டை எடுத்தாள். இப்படி மூன்று தடவை.

சாயங்காலம் மகளைக் கூப்பிட்டாள்.

"கண்ணு, டிவியில கேமரா இருக்குமா?"

"அந்த டிவியில இருக்காதும்மா. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன். யாரு படம் பாத்தான்னு தெரியுமா அதுல?"

"ஆளு தெரியாது. என்ன படம், எவ்வளவு நேரம், எந்தத் தேதி, எல்லாம் தெரியும். என்னம்மா ஆச்சு? குரலே சரியில்ல."

"சளிதான் கண்ணு. நீ படி."

மகள் படித்து முடிக்க இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. ஹாஸ்டலுக்கு மழைக்காலத்தில் பத்து நாள் லீவு விடுவார்கள். அந்தப் பத்து நாள் பிரியா எங்கே வந்து பையை வைப்பாள்? அறையைச் சுற்றிப் பார்த்தாள். கட்டில், கேஸ் அடுப்பு, பழனியாண்டியின் படம், இரண்டு டிரங்குப் பெட்டி. ஒரு ஜீப்புக்குள் அடங்கிவிடும். அவளை அறியாமலே, எதை முதலில் தூக்குவது என்று மனசு வரிசை போட ஆரம்பித்துவிட்டது. இந்தப் பயம் அவளுக்குப் புதிதில்லை. பன்னிரண்டு வயதில் வந்தது, அதே ஆளாகத் திரும்பி வந்து வாசலில் நின்றது.

வெள்ளிக்கிழமை மறுபடியும் கார்த்தி.

"கண்டுபிடிச்சாச்சுக்கா. கடைசியாப் பாத்த தேதி செவ்வாய்க்கிழமைன்னு காட்டுது. அந்த மூணு இன்ஜினியர் பசங்கதான் அன்னிக்கு இருந்தாங்க. வேற யாரு? நல்லா நாலு வார்த்தை எழுதி அனுப்பிட்டேன். இனிமே அவங்களுக்கு நம்ம ஊட்ல ரூம் கிடையாது. உங்களுக்கு என்ன தோணுது?"

என்ன தோணுது என்று கேட்டுத் தொலைத்தாரே. கேட்காமல் இருந்திருந்தால் அவள் சும்மா இருந்த பாவத்தோடு போயிருக்கும்.

"இருக்கலாமுங்க சார்" என்றாள்.

"இனிமே ஒண்ணு பண்ணுங்க. கெஸ்ட் போனதும் அக்கவுன்ட்ட எடுத்துட்டு, டிவிய ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிருங்க."

"செரீங்க சார்."

தப்பித்துவிட்டாள். ஒரு வாய் சோறு இறங்கியது. அந்த மூன்று பையன்களும் கிளம்பும்போது படுக்கையை அவர்களே மடித்து வைத்துவிட்டு, "போயிட்டு வர்றோம்க்கா" என்று சொல்லிப் போனது நினைவுக்கு வந்ததும் இரண்டாவது வாய் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கேட்டில் ஹாரன் சத்தம். கார்த்தியின் கார். முன் சீட்டிலிருந்து ரேணுகா இறங்கினார். புஷ்பவல்லி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். இல்லாவிட்டால் அதுவே விழுந்திருக்கும்.

ரேணுகா கோபமாக வரவில்லை. நேராக மேல் ரூமுக்குப் போய், பாஸ்வேர்டு கேட்டு நிற்கும் அந்த டிவியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கடுங்காப்பி கொண்டுபோன புஷ்பவல்லியைப் பார்த்து, "அக்கா, நீங்களாவது சொல்லுங்க. அந்தப் பசங்க டிவி போட்டாங்களா?" என்று கேட்டார்.

"நான் கீழ இருந்தேனுங்க மேடம்."

"போன்ல கூப்பிட்டுக் கேட்டேன். டிவியவே தொடலைன்னு சத்தியம் பண்றாங்க. நான் திட்டலைப்பா, கேஸும் போடலை, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கன்னு கெஞ்சினேன். தொடவே இல்லைங்கறாங்க."

"திருடினவன் தொட்டேன்னா சொல்லுவான்?" என்றார் கதவருகே நின்ற கார்த்தி.

ரேணுகா காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு புஷ்பவல்லியிடமே பேசினார். "அப்பா செத்து ரெண்டு மாசம் ஆச்சுக்கா. அன்னிக்கு சாயங்காலம் படம் பாத்துட்டு இருந்தாரு. கொஞ்சம் சுடுதண்ணி கொண்டா, நெஞ்சு என்னமோ பண்ணுதுன்னு சொல்லி நிறுத்தினாரு. அதோட ஆஸ்பத்திரி. திரும்பி வரலை. அந்தப் படத்துக்கு அடியில, அவரு பாத்த வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு இருந்துச்சு. நான் அதத் தொடவே இல்லை. தினமும் ஒரு தரம் திறந்து அந்தக் கோட்ட மட்டும் பாத்துட்டு மூடிருவேன். ஊருக்குப் போனப்புறம் பத்து நாளுக்கு மேல மனசக் கட்டிப்போட்டுத் திறக்காம இருந்தேன். புதன்கிழமை திறந்தா, அப்பா பேர்ல புதுசு புதுசாப் படம். எனக்கு ஒடம்பெல்லாம் ஆடிப்போச்சு. ஒரு செகண்டு... அப்பாதான் பாக்கறாருன்னு நெனச்சுட்டேன்."

கார்த்தி தரையைப் பார்த்தார்.

"இப்ப அந்தக் கோட்டக் காணோம். படத்த யாரோ கடைசி வரைக்கும் ஓட்டிட்டாங்க. எந்த எடத்துல அப்பா நிறுத்தினாருன்னு தெரியலை. அந்த எடம் மட்டும் தெரிஞ்சாப் போதும். பாத்தவங்களுக்குத்தான அது தெரியும்? அதுக்குத்தான் வந்தேன்."

அந்த இடம் புஷ்பவல்லிக்குத் தெரியும். உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். சொன்னால், பார்த்தது அவள்தான் என்று ஆகிவிடும். ரேணுகாவிடம் தனியாகச் சொல்லலாம் என்று கார்த்தி நகருவதற்காகக் காத்திருந்தாள். கார்த்தி நகரவில்லை. சரி, போகட்டும், செத்தவர் எங்கே நிறுத்தினால் என்ன என்று பல்லைக் கடித்துக்கொண்டு நினைத்துப் பார்த்தாள். ஹாஸ்டலில் பிரியாவின் முகத்தை நினைத்தாள். காலி டம்ளரை வாங்கிக்கொண்டு கீழே வந்து, தேய்த்ததையே திரும்பத் தேய்த்தாள்.

அரை மணி நேரத்தில் அவர்கள் கிளம்பினார்கள். ரேணுகா காருக்குப் போகும்போது அவளைப் பார்த்து, "வர்றேன்க்கா" என்று தலையாட்டினார். முகத்தில் ஒன்றுமே இல்லை. கார்த்தி கதவைத் திறந்துவிட்டார். அந்தக் கதவைச் சாத்திவிட்டால் முடிந்தது, புஷ்பவல்லி ஆயுசுக்கும் பத்திரம். இரண்டு எட்டு முன்னால் வைத்தாள்.

"மேடம்."

ரேணுகா திரும்பினார்.

"கடையிலிருந்துங்க. அண்ணங்காரன் மிட்டாய்க் கடையில நின்னு, தம்பி ஊட்டுக்கு மிச்சர் வாங்கறானுங்க. பன்னெண்டு வருஷமாப் பேச்சு வார்த்த இல்லாத தம்பி. பிள்ளைங்க எத்தனைன்னு கடைக்காரன் கேக்கறான். இவனுக்குத் தெரியலை, முழிக்கறான். அங்கிருந்துதானுங்க எனக்கு ஓடுச்சு."

ரேணுகா போனை எடுத்தார். படத்தைத் திறந்து விரலால் தள்ளித் தள்ளி, போய், திரும்பி வந்து, ஓரிடத்தில் நிறுத்தினார். கடைக்காரன் கேட்கும் குரல் ஒரு தடவை சின்னதாகக் கேட்டது. அவ்வளவுதான். போனை மார்போடு வைத்துக்கொண்டு காரில் சாய்ந்து அழ ஆரம்பித்தார்.

"அப்போ, நீங்கதானா?" என்றார் கார்த்தி.

"நாந்தானுங்க."

"படம் பாத்ததுகூடப் பரவால்லைக்கா. நான் கேட்டப்போ இருக்கலாம்னு சொன்னீங்களே. மூணு பேரத் திருடனாக்கிட்டனே நான்." குரல் இப்போதும் உயரவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டே, "மாசக் கடைசி வரைக்கும் இருங்க. அதுக்குள்ள வேற எடம் பாத்துக்குங்க" என்றார்.

"செரீங்க சார்" என்று புஷ்பவல்லி சொன்னாள். அவர் போய்க் காரில் உட்கார்ந்தார். அவளுக்கு இன்னும் பயமாகத்தான் இருந்தது. ஜீப்புக்கு யாரிடம் சொல்வது, பிரியாவிடம் என்ன சொல்வது என்று உள்ளே ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

ரேணுகா காரில் ஏறவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளருகே வந்தார். வேலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நடந்தது அவர் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை.

"நான் இதுக்கு மேல பாக்க மாட்டேன்க்கா" என்றார். "ஆனா அப்பாவுக்கு எந்தப் படமானாலும் முடிவு தெரிஞ்சாகணும். தெரியாமலே போயிட்டாரு. நீங்க பாத்தீங்கள்ல, என்ன ஆச்சு? தம்பி கதவத் தொறந்தானா?"

புஷ்பவல்லி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"தம்பி ஊட்ல இல்லைங்க. அவன் சம்சாரம் காப்பி குடுத்து உக்கார வெச்சா. பிள்ளைங்க மூணு பேரு. மிச்சர் பொட்டலத்தப் பிரிச்சுத் தின்னுட்டாங்க. இருட்டற நேரத்துக்குத் தம்பி வந்தான். வாசல்ல செருப்பப் பாத்துட்டு ரொம்ப நேரம் நின்னான். அப்புறம் உள்ள வந்து, 'எப்ப வந்தே?'ன்னு கேட்டானுங்க. அவ்வளவுதான் மேடம். படம் முடிஞ்சிருச்சு."